சுண்டக் காய்ச்சிய சொற்கள்: லொரீன் நீடெக்கரின் வாழ்வும் கவிதையும்

இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதை வரலாற்றில் லொரீன் நீடெக்கர் (1903 - 1970) பெறும் இடம் விசித்திரமானது. அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவரது பெயரை அறிந்தவர்கள் மிகச் சிலரே. அச்சிலரோ தம் காலக் கவிதையின் போக்கையே மாற்றியவர்கள். அவர் வாழ்ந்த ஊரில் அவரை அறிந்தவர்கள் பலர் இருந்தனர். ஆனால் அவர்களுட் பெரும்பாலோருக்கு அவர் ஒரு கவிஞர் என்பது தெரியாது. மறைவின் பின்னர் அவரைக் கண்டெடுத்த விமர்சகர்கள் பலரும் அவருக்கு ஒரே அடைமொழியையே சூட்டினர்: கிராமத்தில் ஒதுங்கி வாழ்ந்த பெண் கவிஞர். 'இருபதாம் நூற்றாண்டின் எமிலி டிக்கின்ஸன்' என்ற ஒப்பீடும் அதனுடன் ஒட்டிக்கொண்டது.

இவ்வடைமொழி முற்றிலும் பொய்யன்று. எனினும் அது சொல்வதிலும் பார்க்க மறைப்பதே அதிகம். ஒதுங்கி வாழ்ந்தவர் என்றதும் உலகத்தைக் கண்டு அஞ்சி விலகிய ஒரு மென்மையான உள்ளம் நம் மனக்கண்முன் எழுகின்றது. கிராமத்துப் பெண் என்றதும் கற்றறியாத இயல்பூற்று ஒன்றின் உருவம் எழுகின்றது. நீடெக்கர் இவ்விரண்டுக்கும் உரியவரல்லர். அவரது தனிமை பெருமளவு உழைப்பினாலும் வறுமையினாலும் குடும்பக் கடமையினாலும் அமைந்தது. எஞ்சிய பகுதி, தம் கலைக்காக அவரே தெரிந்து வகுத்துக்கொண்ட ஓர் ஒழுங்கு. அவரது கவிதையின் சுருக்கம் அவ்வாழ்விலிருந்தே பிறந்தது. இக்கட்டுரை இக்கருத்தை அவரது வாழ்வையும் படைப்பையும் ஒருசேர நோக்கி நிறுவ முயல்கின்றது.

நீர் சூழ்ந்த நிலம்

அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் ஃபோர்ட் அட்கின்ஸன் என்னும் சிறு நகர் உள்ளது. அந்நகருக்கு அண்மையில் ரொக் ஆறு கொஷ்கொனோங் ஏரியைச் சேரும் இடத்தில் பிளெக்ஹோக் தீவு அமைந்துள்ளது. பெயரளவில் தீவாயினும் உண்மையில் அது நீரினுள் நீண்டு கிடக்கும் ஒரு தாழ்நிலம். இளவேனிற் காலத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது வீடுகளுக்குள் வெள்ளம் புகுவது அங்கு வழமை. 1903ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி பிறந்த நீடெக்கர், தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்நிலத்திலேயே கழித்தார்.

தந்தையார் ஏரியில் வலை இழுத்துக் கெண்டையின மீன் பிடித்து விற்றார். வேட்டைக்கும் மீன்பிடிக்கும் வரும் நகரத்தாருக்குச் சிறு வீடுகளை வாடகைக்கு விட்டார். தாயார் செவிப்புலனை இழந்தவர். பெற்றோருக்கு லொரீன் ஒரே பிள்ளை. ஓசையே உயிரான ஒரு கலையைத் தேர்ந்த மகளுக்கு, அவ்வோசையைக் கேட்கவியலாத தாய். இவ்வுண்மை அவரது கவிதைகளிற் பலமுறை தலைகாட்டுகின்றது. ஆயின் ஓரிடத்திலேனும் அது புலம்பலாக மாறுவதில்லை. தாயின் கடுஞ்சொற்களையும் வீட்டுப் பேச்சையும் உள்ளவாறே எடுத்துக் கவிதையில் வைத்துவிடுகின்றார். துயரம் வாசகரின் உள்ளத்திற்றான் பிறக்கின்றது.

1922இல் இலக்கியம் பயில்வதற்காகப் பெலோய்ட் கல்லூரியிற் சேர்ந்த அவர், இரண்டு ஆண்டுகளிற் படிப்பை இடைநிறுத்தித் தாயைப் பராமரிப்பதற்காக வீடு திரும்பினார். 1928இல் நடந்த முதல் திருமணம் ஈராண்டுகளுள் பிரிவில் முடிந்தது. சட்டப்படியான மணவிலக்கு 1942இலேயே கிடைத்தது. அக்காலப் பகுதியில் ஃபோர்ட் அட்கின்ஸன் பொது நூலகத்தில் உதவியாளராகப் பணியாற்றினார். பட்டம் பெறாத அவருக்கு நூலகமே பல்கலைக்கழகமாயிற்று. வரலாறு, தாவரவியல், நிலவியல், கடித இலக்கியம் என அவரது வாசிப்பு பரந்தது. தோமஸ் ஜெஃபர்ஸன், சார்ள்ஸ் டார்வின், வில்லியம் மொரிஸ் ஆகியோரைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதிய கவிதைகள் இவ்வாசிப்பின் விளைச்சல். அவரைக் 'கல்லாத கிராமத்துக் குரல்' எனக் கொள்வோர் இக்கவிதைகளைப் படித்திருக்க முடியாது.

ஒரு சஞ்சிகையும் ஒரு நீண்ட கடிதத் தொடர்பும்

1931 பெப்ரவரியில் சிக்காகோவிலிருந்து வெளிவந்த 'பொயட்ரி' சஞ்சிகையின் சிறப்பிதழ் ஒன்றை இளங்கவிஞரான லூயிஸ் ஸுகோஃப்ஸ்கி தொகுத்திருந்தார். 'ஒப்ஜெக்டிவிஸ்ட்' எனப் பின்னர் அழைக்கப்பட்ட குழுவின் பிரகடனம் போன்று அவ்விதழ் அமைந்தது. கவிதை என்பது உணர்ச்சியின் வழிதல் அன்று, சொற்களால் நேர்மையாகச் செய்யப்பட்ட ஒரு பொருள் என்பது அவர்களது நிலைப்பாட்டின் சாரம். நூலகத்தில் இவ்விதழைப் படித்த நீடெக்கர், சில மாதங்களின் பின்னர் ஸுகோஃப்ஸ்கிக்குக் கடிதம் எழுதினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள், அவரது மரணம் வரை நீடித்தது. 1933இன் இறுதியில் நியூயோர்க் சென்று ஸுகோஃப்ஸ்கியை நேரிற் சந்தித்தார். ஆனால் அந்நகரில் தங்கிவிடவில்லை.

இவ்வுறவை ஆசிரியர் - மாணவி உறவாகச் சுருக்குவது எளிது. பலர் அவ்வாறே செய்துள்ளனர். ஸுகோஃப்ஸ்கி அவருக்கு வழிகாட்டினார், திருத்தங்கள் சொன்னார், நூல்களை அறிமுகம் செய்தார் என்பவை உண்மையே. ஆயினும் நீடெக்கர் தமக்கென ஒரு வழியைத் தொடக்கத்திலேயே கொண்டிருந்தார். முப்பதுகளில் அவர் கனவுநிலையின் மொழியையும் மனத்தின் அடித்தளங்களையும் ஆராயும் மீயதார்த்தப் பரிசோதனைகளிற் பெரும் ஆர்வம் காட்டினார். ஒரு சிறு நாட்காட்டியின் பக்கங்களிற் கவிதைத் துணுக்குகளை எழுதி ஒட்டி நண்பருக்கு அனுப்பியதும் அக்காலத்திலேயே. இப்போக்கு ஸுகோஃப்ஸ்கிக்கு உவப்பாக இருக்கவில்லை. இருந்தும் நீடெக்கர் அதனை முற்றாகக் கைவிடவில்லை. பொருளைத் துல்லியமாகக் காணும் நோக்கும், அப்பொருளைச் சுற்றி அசையும் மனத்தின் ஓட்டமும் இணைய வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் தேடிய சமநிலை. இறுதிக்காலக் கவிதைகளில் அது கைகூடியது.

உறவின் மற்றொரு முகத்தையும் இங்கு மறைத்தல் ஆகாது. ஸுகோஃப்ஸ்கியின் மகன் போலின் குழந்தைப் பருவத்தை மையமாகக் கொண்டு நாற்பதுகளின் இறுதியிலிருந்து நீடெக்கர் ஒரு கவிதைத் தொடரை எழுதினார். நண்பரின் கடிதங்களில் வந்த குடும்பச் செய்திகள் அவற்றிற் பயன்பட்டிருந்தன. ஸுகோஃப்ஸ்கி அதனை விரும்பவில்லை. அத்தொடர் கவிஞரின் வாழ்நாளில் ஒரு நூலாக வெளிவரவேயில்லை. தமக்கென ஒரு பிள்ளை இல்லாத பெண் தொலைவிலிருந்து ஒரு பிள்ளைக்கு எழுதிய கவிதைகள் அவை. அவை பெட்டிக்குள் தங்கியது அமெரிக்கக் கவிதைக்கும் ஓர் இழப்பேயாகும்.

'நியூ கூஸ்': ஊர்ப்பேச்சின் கவிதை

நீடெக்கரின் முதல் நூல் 'நியூ கூஸ்' 1946இல் இலினொய் மாநிலத்துச் சிறு அச்சகம் ஒன்றின் வழியாக வெளிவந்தது. ஆங்கிலம் பேசும் குழந்தைகள் தொட்டிலிலேயே கேட்டு வளரும் 'மதர் கூஸ்' என்னும் சிறுவர் பாடல் மரபை நினைவூட்டும் தலைப்பு அது. அப்பாடல்களின் துள்ளலான சந்தத்தையும் எதுகையையும் எடுத்துக்கொண்டு, அவற்றினுள் பொருளாதார மந்தத்தின் பசியையும் கடனையும் போரையும் அவர் வைத்தார். தாலாட்டின் மெட்டிற் கடன்காரனின் பெயர் ஒலித்தால் எவ்வாறிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இந்நூலின் இயல்பு தமிழ் வாசகருக்கு விளங்கும்.

இந்நூலின் கவிதைகளிற் பல அவர் அயலாரின் வாய்மொழியிலிருந்து பிறந்தவை. மீனவர், பண்ணையாளர், வீட்டு வாடகை கட்டவியலாதோர், தாயார், தந்தையார் ஆகியோர் பேசிய வாக்கியங்கள் சிறு மாற்றத்துடன் கவிதையாகின்றன. அவர் தம் கவிதைத் தொழிலை ஊரிலிருந்து மறைத்ததற்கு ஒரு முக்கிய காரணம் இங்குள்ளது. தாம் கேட்டுக்கொண்டிருப்பதை அயலார் அறிந்துவிட்டால் அவர்கள் முன்போல் இயல்பாகப் பேசமாட்டார்கள். எனவே அவரது மறைவு மனிதரிடமிருந்து விலகியதன் அடையாளமன்று, அவர்களை நெருங்கிக் கேட்பதற்கான வழி.

இந்நூலிற் பிளெக்ஹோக் என்ற செவ்விந்தியத் தலைவரைப் பற்றிய ஒரு சிறு கவிதை உண்டு. கவிஞர் வாழ்ந்த தீவு அவர் பெயரைத் தாங்கியது. 1832இல் சோக் இனத்தவரான அத்தலைவரும் அவர் மக்களும் அமெரிக்கப் படையால் இப்பிரதேசத்தினூடாகத் துரத்தப்பட்டனர். அப்படைக்குத் தலைமை தாங்கிய தளபதி அட்கின்ஸனின் பெயரை நகரம் தாங்கியது. வென்றவர் பெயரில் நகரும், தோற்றவர் பெயரிற் சதுப்பு நிலமும். நிலத்தை எவரும் விற்க முடியாது என்ற பிளெக்ஹோக்கின் வாதத்தை நீடெக்கர் ஒரு சில வரிகளுக்குள் எடுத்துரைக்கின்றார். சொத்துரிமை பற்றிய கசப்பான ஐயம் அவரது கவிதைகளில் இறுதிவரை தொடர்கின்றது. தந்தையின் மரணத்தின் பின் (1954) வாடகை வீடுகளும் அவற்றைச் சூழ்ந்த கடன் சிக்கல்களும் அவர் தலையிலேயே விழுந்தன. உடைமை என்பதன் சுமையை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

எல்லாக் கவிதைகளும் ஒரே தரத்தன என்று கூறுவதற்கில்லை. 'நியூ கூஸ்' காலத்துக் கவிதைகளுட் சில வெறும் வேடிக்கைத் துணுக்குகளாக நின்றுவிடுகின்றன. சில, சூழலை அறியாத வாசகருக்குத் திறவாத கதவாக உள்ளன. சுருக்கத்திற்குக் கொடுக்கவேண்டிய விலை அது. ஆனால் வெற்றிபெற்ற கவிதைகள், பேசியவரின் முகத்தையும் அவர் காலத்தையும் நான்கைந்து வரிகளில் நிலைநிறுத்திவிடுகின்றன.

வேலைத்தளமும் எழுதுமேசையும்

நீடெக்கரின் தொழில் வரலாற்றை அவரது படைப்பு வரலாற்றிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. 1938 முதல் 1942 வரை மடிசன் நகரில், அரசு வேலையற்ற எழுத்தாளருக்கென நடத்திய திட்டத்தில் பணியாற்றி, விஸ்கொன்சின் மாநில வழிகாட்டி நூலுக்கான ஆய்வுகளிற் பங்குகொண்டார். 1944 முதல் 1950 வரை, பாற்பண்ணையாளருக்கான 'ஹோர்ட்ஸ் டெயரிமன்' என்ற சஞ்சிகையின் அச்சகத்திற் சுருக்கெழுத்தாளராகவும் ஒப்புநோக்குநராகவும் இருந்தார். பார்வைக் குறைபாடு அவ்வேலையைத் தொடரத் தடையாயிற்று. 1957 முதல் 1963 வரை, தமது ஐம்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து அறுபது வயது வரை, ஃபோர்ட் அட்கின்ஸன் வைத்தியசாலையில் தரை கழுவித் துடைக்கும் துப்புரவுத் தொழிலாளியாக வேலை செய்தார். நாற்பதுகளின் பிற்பகுதியில் ஆற்றங்கரையில் தமக்கெனக் கட்டிக்கொண்ட சிறு மரவீட்டில் அறுபதுகளின் தொடக்கம் வரை குழாய்நீர் வசதி இருக்கவில்லை.

எமிலி டிக்கின்ஸனுடனான ஒப்பீடு இவ்விடத்திலேயே தடுமாறுகின்றது. டிக்கின்ஸன் (1830 - 1886) செல்வாக்கு மிக்க தந்தையின் இல்லத்தில், பணியாளர் சூழ வாழ்ந்தவர். அவர் அறைக் கதவைத் தாமே மூடிக்கொள்ள முடிந்தது. நீடெக்கரோ காலையில் எழுந்து வேலைக்குச் செல்லவேண்டியிருந்தது. அவரது தனிமை மாலையிலும் ஓய்வு நாட்களிலும் சிறிது சிறிதாகச் சேமிக்கப்பட்டது. இருவரையும் ஒரே சொல்லால் அழைப்பது இருவருக்கும் நீதியாகாது.

அச்சக வாழ்வை நினைவுகூரும் ஒரு கவிதையில், உடன் வேலை செய்தோரின் நல்லியல்பையும் எளிய மகிழ்ச்சிகளையும் பதிவுசெய்யும் கவிஞர், தாம் ஆறே வரிகளின் மீது இரண்டு மாதங்கள் அமர்ந்திருப்பதை இவர்கள் அறிந்தால் என்ன சொல்வார்கள் என்று தமக்குள் வினவிக்கொள்கின்றார். இவ்வினாவில் உயர்வு மனப்பான்மை இல்லை, தம்மிரக்கமும் இல்லை. தாம் செய்யும் வேலைக்கும் அவர்கள் செய்யும் வேலைக்கும் இடையிலுள்ள தூரத்தை நேர்மையாக அளக்கும் முயற்சியே உண்டு.

அவரது மிகப் புகழ்பெற்ற சிறு கவிதை 'கவிஞரின் வேலை' என்ற பொருள்படும் தலைப்பைக் கொண்டது. ஒரு தொழிலைக் கற்றுக்கொள் என்று பாட்டனார் அறிவுரை கூறுகின்றார். எழுதுமேசையில் அமர்ந்து சொற்களைச் சுருக்கும் தொழிலைக் கற்றேன் என்று பேத்தி விடை பகர்கின்றார். அவர் அங்கு கையாளும் சொல், பாலைச் சுண்டக் காய்ச்சும் தொழிற்சாலைக்கு அப்பாற்பண்ணைப் பிரதேசத்தில் வழங்கிய சொல். அத்தொழிற்சாலையில் ஆட்குறைப்பு என்பது கிடையாது என்று கவிதை முடிகின்றது. பொருளாதார மந்தத்தில் வேலையிழப்பைக் கண்ட தலைமுறையின் கசந்த நகைச்சுவை இது. கவிதையைத் தெய்விக அருளாகவோ ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவோ காட்டாமல், கூலியற்ற, விடுமுறையற்ற ஓர் உழைப்பாக அவர் நிறுத்துகின்றார். சில சொற்களே கொண்ட இக்கவிதையை அவரது கவிதைக் கொள்கை எனலாம். பால் சுண்டும்போது நீரே வெளியேறுகின்றது, பாலின் சத்து குறைவதில்லை. அவர் தம் வரிகளிலிருந்து நீக்கியதும் நீரையே.

கல்லும் இரும்பும் வெள்ளமும்

1946இன் பின்னர் அடுத்த நூல் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் சென்றன. 1961இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் கவிஞர் இயன் ஹமில்டன் ஃபின்லேயின் பதிப்பகம் 'மை ஃபிரெண்ட் ட்ரீ' என்ற சிறு நூலை வெளியிட்டது. தாயகத்திற் பதிப்பாளர் கிடைக்காத ஒருவரைக் கடல் கடந்த சிறு பதிப்பகங்கள் ஏந்திக்கொண்டன. ஜப்பானின் கியோத்தோவிலிருந்து 'ஒரிஜின்' சஞ்சிகையை நடத்திய சிட் கோர்மன் அவரைத் தொடர்ந்து பிரசுரித்தார். ஆங்கிலக் கவிஞர் பேஸில் பண்டிங் அவரைப் பெரிதும் மதித்ததோடு, 1967இல் நேரில் வந்தும் சந்தித்தார். எடின்பரோ, இலண்டன், கியோத்தோ, நியூயோர்க் எனக் கடிதங்கள் சென்று வந்த ஒருவரை உலகிலிருந்து ஒதுங்கியவர் என்று எவ்வாறு சொல்வது? அவரது ஊர் சிறிது, அவரது அஞ்சற்பெட்டி பெரிது.

1963இல் மில்வோக்கி நகரத் தொழிலாளியான அல்பர்ட் மில்லனை மணந்தார். கூலி வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது. 1964இல் தம் கைப்படக் கவிதைகளை எழுதிச் சிறு நூல்களாகக் கட்டி நண்பர்கள் மூவருக்குப் பரிசளித்தார். அவரது மிகச் சிறந்த நெடுங்கவிதைகள் இக்காலத்தவை. 1966இல் கணவருடன் சுப்பீரியர் ஏரியைச் சுற்றிப் பயணம் செய்தார். பயணத்துக்கு முன்னும் பின்னும் அப்பிரதேசத்தின் பாறைகள், கனிமங்கள், ஆய்வுப் பயணிகள் பற்றி விரிவான குறிப்புகள் எடுத்தார். அத்தனை குறிப்புகளும் இறுதியிற் சில பக்கக் கவிதையாகச் சுண்டின. பாறையில் உள்ள இரும்பே உயிர்களின் குருதியிலும் ஓடுகின்றது என்ற உண்மையிலிருந்து அக்கவிதை புறப்படுகின்றது. மனிதனை இயற்கையின் பார்வையாளனாக நிறுத்தும் வழக்கமான பயணக் கவிதையினின்றும் இது அடிப்படையில் வேறுபட்டது. இங்கு காண்பவரும் காணப்படுவதும் ஒரே கனிமத்தால் ஆனவை.

அக்காலத்தின் மற்றொரு கவிதையான 'விண்டர்கிரீன் ரிட்ஜ்', காட்டுத் தாவரங்கள் நிறைந்த ஒரு மேட்டு நிலத்தை இயந்திரங்களின் முன்நின்று காத்த பெண்களை நினைவுகூருகின்றது. போர்ச் செய்திகளும் பூக்களின் பெயர்களும் ஒரே மூச்சில் வந்து போகின்றன.

'பீயன் டு பிளேஸ்' என்ற தன்வரலாற்றுக் கவிதை அவரது படைப்பின் சிகரம் எனக் கருதத்தக்கது. ஜப்பானிய ஹைக்கூவிலிருந்து கற்று, ஆனால் அதனினும் நெகிழ்வாகத் தாமே வகுத்துக்கொண்ட ஐந்து வரிச் செய்யுளில் அது அமைந்துள்ளது. வரிகள் படிப்படியாக உள்நோக்கி நகர்ந்து, மீண்டும் கரைக்கு வருவது போலத் தொடக்கத்துக்குத் திரும்புகின்றன. செவிப்புலனற்ற தாய், வலை இழுக்கும் தந்தை, வீட்டினுள் புகும் வெள்ளம், பாசியும் பறவையும் என ஒரு வாழ்க்கை முழுவதும் அதில் வந்துசேர்கின்றது. தம்மைத் தனித்துத் திரியும் ஒரு நீர்க்கரைப் பறவையாக அவர் காண்கின்றார். பறவையின் எலும்பும் எழுதுகோலும் அங்கு வேறல்ல. பெற்றோரின் துயரத்தை மகள் மன்னிக்கின்றாரா, குற்றம் சாட்டுகின்றாரா என்பது சொல்லப்படவில்லை. அவர்கள் வாழ்ந்த நீரையும் சேற்றையும் துல்லியமாகச் சொல்வதன் மூலமே அவர்களுக்குரிய மரியாதை செலுத்தப்படுகின்றது.

எஞ்சி நிற்பது

1968க்கும் 1970க்கும் இடையில் 'நோர்த் சென்ட்ரல்', 'டி அன்ட் ஜி', 'மை லைஃப் பை வோட்டர்' ஆகிய மூன்று நூல்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. 1970 நவம்பரிற் கோர்மன் தீவுக்கு வந்து அவரை முதன்முறையாகச் சந்தித்து, அவர் தம் கவிதைகளைப் படிப்பதை ஒலிப்பதிவு செய்தார். நமக்குக் கிடைத்திருக்கும் அவரது ஒரே குரற்பதிவு அதுவே. சில வாரங்களில், பக்கவாதத்தால் வீழ்ந்து, டிசம்பர் 31ஆம் திகதி காலமானார். 2002இல் ஜெனி பென்பர்தி பதிப்பித்து கலிபோர்னியப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட முழுத்தொகுப்பே அவரது படைப்பின் உண்மையான பரப்பை வாசகர் முன் வைத்தது. மரணத்திற்கும் அத்தொகுப்பிற்கும் இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள்.

இத்தாமதத்திற்கு அவரது கூச்ச சுபாவத்தை மட்டும் காரணமாக்குவது வசதியான விளக்கம். கவிஞர் ஒளிந்துகொண்டார், ஆகவே நாம் காணவில்லை என்று விமர்சனம் தன்னைத் தேற்றிக்கொள்ளலாம். அவர் கவிதைகளை அனுப்பிக்கொண்டேதான் இருந்தார், கடிதங்களுக்கு விடை எழுதிக்கொண்டேதான் இருந்தார். பார்க்கவேண்டிய திசையில் இலக்கிய உலகம் பார்க்கவில்லை. பல்கலைக்கழகப் பட்டமோ நகர்ப்புற முகவரியோ இல்லாத, தரை துடைத்து வாழ்ந்த ஒரு பெண்ணின் மேசையிலிருந்து தன் காலத்தின் நுட்பமான கவிதை வரக்கூடும் என்பதை அது எதிர்பார்க்கவில்லை.

எனவே நீடெக்கரை ஒதுங்கிய கவிஞர் என்று அழைப்பதற்கு முன் ஒரு வினாவை எழுப்பிக்கொள்ளல் நன்று: யார் யாரிடமிருந்து ஒதுங்கினர்? அவர் தம் அயலாரின் பேச்சிலிருந்தோ, தம் நிலத்தின் வரலாற்றிலிருந்தோ, தம் காலத்தின் போர்களிலிருந்தோ ஒதுங்கவில்லை. ஆரவாரத்திலிருந்து மட்டுமே ஒதுங்கினார். கேட்பதற்கு அமைதி வேண்டும், சுண்டக் காய்ச்சுவதற்கு நேரம் வேண்டும். நாள் முழுவதும் உழைத்த பின்னும் அவ்விரண்டையும் தேடிக் காத்துக்கொண்ட அவரது வைராக்கியமே அக்கவிதைகளின் ஒவ்வொரு வரியையும் தாங்கி நிற்கின்றது.